பழைய வண்ணாரப்பேட்டை பாய் கடை: சக்கர நாற்காலி, காற்று மெத்தை, என் அக்கா

பழைய வண்ணாரப்பேட்டையில், ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், நோயாளிக் கட்டில், சக்கர நாற்காலி, காற்று மெத்தை, வாக்கர், கமோட் நாற்காலி முதலியவற்றை வாடகைக்கும் விலைக்கும் தருகிற சிறிய கடை ஒன்று இருக்கிறது. எல்லோரும் பாய் என்று அழைக்கிற கடைக்காரர், ஓர் உதவியாள், ஒரு லோடு ஆட்டோ; அவ்வளவுதான் கடை. இப்போது வருகிற அழைப்புகளுக்கே பதில் சொல்லி மாளவில்லை என்பதால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இணையத்தில் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். மருத்துவமனையைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளில், கட்டில் வாடகைக்கு விடும் பாய் கடை எது என்று கேட்டால் கைகாட்டுவார்கள். என் அக்கா உயிரோடு இருந்தவரை நாங்கள் இந்தக் கடையின் வாடிக்கையாளர்களாக இருந்தோம். கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அக்காவைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இந்தக் கடையில் உள்ள பொருள்களில் எது உதவும், எது உபத்திரவம் என்பதையெல்லாம் அவர் உடம்பு பட்ட பாட்டிலிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.

அக்கா திருவொற்றியூரில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். 2019ஆம் ஆண்டு, வண்ணாரப்பேட்டையின் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் லைனிங் துணியும் நூலும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது, எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் டிரெய்லர் உரசித் தள்ளியதில் முதுகெலும்பு முறிந்தது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களுக்கு நடுவே இருசக்கர வண்டி ஓட்டுவது எப்படிப்பட்ட காரியம் என்று வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உயிர் பிழைத்தது, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் போயின, சிறுநீரும் மலமும் அடக்கும் திறனும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 38.

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அக்காவின் விபத்து அதற்கு முந்தியது என்றாலும் அரசு மருத்துவமனையில் சேர்த்ததால் அறுவை சிகிச்சைக்கு நாங்கள் கடன்படவில்லை. கடன்பட வைத்தது வீட்டுக்கு வந்த பிறகான காலம்தான். கட்டில் எங்கே கிடைக்கும், எந்த மெத்தை போட வேண்டும், குளியலறைக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதையெல்லாம் மருத்துவமனை வாசலில் இறங்கிய பிறகு குடும்பமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில்தான் இது மாதிரிக் கடைகள் வருகின்றன. நல்ல கடையா கெட்ட கடையா என்பது அந்த வீட்டில் ஒருவர் எப்படி உட்காருவார், எப்படிப் படுப்பார் என்பதையே தீர்மானித்துவிடும்.

அக்கா வீடு திரும்புவதற்கு முன்பே உறவினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வேறோர் இடத்தில் பெரிய கடை ஒன்றில் சக்கர நாற்காலி வாங்கி அனுப்பிவிட்டார்கள். பளபளக்கும் குரோம் பூச்சு, மடக்கக்கூடியது, உட்காருமிடம் 18 அங்குல அகலம், இரு பக்கச் சக்கரங்களையும் சேர்த்து ஏறக்குறைய 26 அங்குலம். எங்கள் குளியலறைக் கதவோ 24 அங்குலம். அக்கா ஒல்லியான உடம்புக்காரர். அதில் உட்கார்ந்தால் இரு பக்கமும் இடம் மிஞ்சி, உடம்பு ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்குத் தாம் சாய்ந்திருப்பது தெரியாது. எலும்பு ஒரே இடத்தில் அழுந்துவதும் தெரியாது. ஆனால் அக்காவுக்குக் கண்ணாடியில் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. “டேய், அளவு எடுக்காம தச்ச ஜாக்கெட் மாதிரி இருக்குடா இது” என்றார். கடை அந்த நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பாய் கடைக்கு நான் கட்டில் கேட்டுத்தான் போனேன். அவர் விலைப்பட்டியலை நீட்டவில்லை. எந்த மாடி, லிப்ட் உண்டா, கதவு எத்தனை அங்குலம், நோயாளி எவ்வளவு எடை, கையை ஊன்றித் தம்மைத் தாமே தூக்க முடியுமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, அன்று மாலையே அளவு நாடாவோடு வீட்டுக்கு வந்துவிட்டார். “தம்பி, மொதல்ல கதவ அளப்போம், அப்பறம் அக்காவ அளப்போம், அதுக்கப்பறம்தான் சேரு” என்றார். அக்கா கட்டிலில் சாய்ந்தபடி அவர் நாடா பிடிக்கிற விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முனை நழுவுகிறது பாய் என்று சொன்னார். தையற்காரர் என்று தெரிந்ததும் பாய் நாடாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். விபத்துக்குப் பிறகு அக்கா முதன்முதலில் அளவெடுத்தது தம் உடம்பைத்தான்: இடுப்பகலம், முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை, முழங்காலிலிருந்து குதிகால் வரை, உட்கார்ந்த நிலையில் முழங்கை உயரம். அவர் சொல்லச் சொல்ல பாய் ஓர் அட்டைப்பெட்டியின் மூடியில் குறித்துக்கொண்டார்.

அன்று பாய் சொன்ன கணக்குகளை, இப்படிப்பட்ட தேவை உள்ள எல்லாக் குடும்பங்களுக்காகவும் இங்கே எழுதிவைக்கிறேன். உட்காருமிடத்தின் அகலம் இடுப்பகலத்தைவிடப் பக்கத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் கூடக் கூடாது. இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் விளிம்பு அறுக்கும், அதிகமிருந்தால் உடம்பு வழுக்கி முன்னால் வரும். கால்மிதி தொடை சமமாக அமரும் உயரத்தில் இருக்க வேண்டும். கைத்தாங்கி கழற்றக்கூடியதாக இருந்தாக வேண்டும், ஏனெனில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒருவர் பக்கவாட்டில்தான் நகர்கிறார். கழற்ற முடியாத கைத்தாங்கியைத் தாண்ட அவரைத் தூக்கத்தான் வேண்டும், தூக்குகிறவர் முதுகும் போய்விடும். வடசென்னைத் தெருக்களுக்குக் காற்றடிக்கும் டயரைவிட கெட்டி ரப்பர் டயர் நல்லது. குலுங்கும்தான், ஆனால் பஞ்சர் ஆகாது.

அந்த அளவுகளுக்கு 16 அங்குல இருக்கையும் கழற்றும் கைத்தாங்கியும் உள்ள நாற்காலி வந்தது, மாதம் 600 ரூபாய் வாடகைக்கு. அது பொருந்திப் போனால் கட்டிய வாடகையில் பாதியைக் கழித்துக்கொண்டு விலைக்குத் தருவது இந்தக் கடையின் வழக்கம். நாங்களும் அப்படியே வாங்கினோம். வாங்கியே தீர வேண்டும் என்று பாய் ஒருபோதும் அவசரப்படுத்தியதில்லை. குளியலறைக்கு அந்த நாற்காலியும் போகாது என்பதால், சிறு சக்கரங்கள் வைத்த குறுகலான கமோட் நாற்காலி தனியே வந்தது. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே பாலமாக வைத்துச் சறுக்கி நகர்வதற்கு ஒரு பலகை தேவைப்பட்டது. கடையில் இருந்த பிளாஸ்டிக் பலகையை எங்களிடம் விற்காமல், தெருமுனைத் தச்சரிடம் முனைகளை மழுக்கி நன்றாக இழைத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். கைக்காசை விட்டுக்கொடுத்து வாடிக்கையாளருக்கு வழி சொல்லும் கடையை நான் அதிகம் பார்த்ததில்லை.

காற்று மெத்தையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். படுக்கைப் புண் வராமல் தடுக்க இதை எல்லோரும் வாங்குகிறார்கள், ஆனால் எப்படிப் பயன்படுத்துவது என்று விற்கிறவர்கள் சொல்வதில்லை. பம்பு மாற்றி மாற்றிச் சில அறைகளில் காற்றை நிரப்பும், சிலவற்றில் இறக்கும். உடம்பின் ஒரே இடம் தொடர்ந்து அழுந்தாமல் இருப்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. சின்னச் சின்னக் குமிழ் வைத்தது விலை குறைவு. குறுக்காக நீளக் குழாய்கள் வைத்தது விலை அதிகம், ஒரு குழாய் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். மேலே போடும் விரிப்பை இழுத்துச் செருகினால் மெத்தையின் வேலையே கெட்டுவிடும், தளர விட வேண்டும். காற்று மெத்தை இருக்கிறதே என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதை விட்டுவிடவும் கூடாது. கடைசி வாக்கியத்தை பாய் எங்கள் அம்மாவிடம் தனியாகவும் என்னிடம் தனியாகவும் சொன்னார். இரவு இரண்டு மணிக்கு எழுந்திருக்கப் போவது யார் என்று அவருக்குத் தெரியாதல்லவா.

அந்த மெத்தையின் பரம எதிரி அக்காவேதான். படுத்துக்கொண்டே கொக்கி தைப்பார், ஊசியைப் பக்கத்தில் குத்திவைப்பார். மெத்தையில் காற்று நிற்கவில்லை என்று பாயைக் கூப்பிட்டபோது, அவர் சோப்பு நுரையைத் தடவி நுரை பொங்கும் இடத்தைக் காட்டி, சைக்கிள் டியூப் ஒட்டுகிற மாதிரியே ஒட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, ஊசி குத்திவைக்க ஒரு பஞ்சுப் பொதியைக் கட்டிலின் கம்பியில் கட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் ஒட்டுப் போட வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

அக்கா மறுபடியும் தைக்க உட்கார்ந்ததிலும் இந்தக் கடைக்குப் பங்குண்டு. தையல் இயந்திரத்துக்கு மோட்டார் போட்டால் காலால் மிதிக்கிற பெடல் வரும். அக்காவுக்குக் கால் இல்லாத மாதிரிதான். கடையின் உதவியாள் அந்தப் பெடலை மேசையின் வலது ஓரத்தில் ஒரு மரக்கட்டை மேல் பொருத்தி, முழங்கையால் அழுத்தும்படி செய்து கொடுத்தார். தொடக்கத்தில் தையல் கோணல்மாணலாக ஓடியது. பழைய துணிகளில் நேர்க்கோடு போட்டுப் போட்டுப் பழகியபின், அக்கம்பக்கத்துப் பெண்கள் பழையபடி துணி கொண்டுவரத் தொடங்கினார்கள். நாற்காலியில் நெடுநேரம் உட்காருகிறவர்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது கைகளை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும் என்பது பிசியோதெரபிஸ்ட் சொன்னது. அக்கா கடிகாரம் பார்க்க மாட்டார். ஒரு கை தைத்து முடிந்தால் ஒருமுறை தூக்குவது, கழுத்து திருப்பி முடிந்தால் ஒருமுறை தூக்குவது என்று வைத்துக்கொண்டார்.

அவர் பட்ட துன்பங்களில் உடல் வலி ஒன்று மட்டும்தான் எல்லோருக்கும் புரிந்தது. சித்திரை வெயிலில் ரெக்சின் விரிப்பின் மேல் படுத்துக் கிடப்பதும், சிறுநீர்த் தொற்றில் மாதம் ஒரு காய்ச்சல் வருவதும், பார்க்க வருகிறவர்கள் அவர் காதுபட அம்மாவிடம் “இதுக்குப் போயிருந்தாலே தேவல” என்று சொல்வதும் சேர்ந்ததுதான் அவருடைய ஒரு நாள். கடும் பாதிப்புள்ளோருக்கு அப்போது அரசு தந்த மாதம் 2,000 ரூபாய் பஞ்சுக்கும் உறைக்கும் டியூபுக்குமே சரியாகிவிடும். காதுபட அப்படிப் பேசியவர்களின் ரவிக்கையையும் அவர் தைத்துக் கொடுத்தார், கூலி மட்டும் 20 ரூபாய் கூட்டி. மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்ட 2021க்குப் பிறகு, திருவொற்றியூர் தேரடியில் லிப்டில் ஏறி, நாற்காலியோடே எம்.சி. ரோட்டுப் பக்கம் லைனிங் வாங்கப் போகிற அளவுக்கு அவர் தேறியிருந்தார். துணி எடுத்த கையோடு பாய் கடையில் தேநீர் குடித்துவிட்டு, கடையில் நிற்கிற நாற்காலிகளுக்கு நட்டுக் கழன்றிருக்கிறது, ரெக்சின் தொய்ந்திருக்கிறது என்று குறை சொல்லிவிட்டு வருவார்.

கடையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது ரசீது. வாடகைக்குத் துண்டுச் சீட்டில் தொகை எழுதித் தருவதே அங்கே பழக்கம். விபத்து இழப்பீட்டு வழக்கு நடத்துகிறவர்களுக்கு அது போதாது. செலவுக்குத் தேதி, பொருள், தொகை எல்லாம் உள்ள முறையான ரசீது வேண்டும் என்று எங்கள் வழக்கறிஞர் சொன்னபிறகு, பாய் பழைய நோட்டுகளைப் புரட்டி எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுத்தார் என்றாலும் அதற்குப் பல வாரம் பிடித்தது. முதல் மாதத்திலிருந்தே கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டாவது முன்பணம். பொருளைத் திருப்பிய அன்றே கையில் கிடைக்காது, அலைய வேண்டும். மூன்றாவது, இரும்புக் கமோட் நாற்காலிகள். கடற்காற்றுக்கும் குளியலறைத் தண்ணீருக்கும் சீக்கிரமே துருப் பிடித்துவிடுகின்றன. அலுமினியத்தில் கேளுங்கள், வாடகை கூடினாலும் பரவாயில்லை. இருக்கைக் குஷனும் அங்கே வெறும் ஃபோம்தான் கிடைக்கும். காற்றறை வைத்த குஷன் வேண்டுமானால் வேறு இடம் பார்க்க வேண்டும்; புண் வந்து ஆறியவர்களுக்கு அது அவசியம் என்பது என் கருத்து.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளில் புகுந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் மட்டும்தான். கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம். மின்சாரம் போனது, நாள்கணக்கில் வரவில்லை. மின்சாரம் இல்லாத காற்று மெத்தை, பலகையின் மேல் விரித்த வெறும் ரப்பர்தான். காற்று வரும் குழாய்களைப் பம்பிலிருந்து கழற்றி மடக்கி ரப்பர் வளையத்தால் கட்டிவிட்டால் சில மணி நேரமாவது காற்று நிற்கும் என்பதை மெத்தையைக் கொடுத்த அன்றே பாய் செய்து காட்டியிருந்தார். கட்டினோம், இறங்க இறங்க வாயால் ஊதிப் பார்த்தோம், தலையணைகளை அடுக்கி மாற்றி மாற்றிப் புரட்டினோம். ஈர விரிப்பை மாற்ற உலர்ந்த துணி இல்லை. தண்ணீர் வடிந்ததும் பாய் பழைய இன்வெர்ட்டர் ஒன்றை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார், அதற்கு வாடகை வாங்கவில்லை. ஆனால் அதற்குள் அடிமுதுகில், வால் எலும்புக்கு மேல், தோல் கறுத்துவிட்டிருந்தது. கறுத்த இடம் திறந்துகொண்டது, ஆறுவது போல் இருந்து ஆழமாகப் போயிற்று, எலும்பைத் தொட்டது. 2024இல் அந்தத் தொற்று இரத்தத்தில் கலந்து அக்கா இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பாய் கட்டிலை எடுக்க வந்தார். அதற்கு முன்னால் வந்து எடுத்துப் போங்கள் என்று நானே சொல்லியும் வரவில்லை. வந்த பிறகு அந்த மாத வாடகையும் கேட்கவில்லை. கட்டிலைக் கழற்றி ஏற்றினார். மெத்தையை ஏற்றவில்லை, ஒருவர் படுத்து இறந்த மெத்தையை இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவதில்லை, தொற்று ஒட்டிக்கொள்ளும் என்று அதைக் கத்தியால் கிழித்தே குப்பையில் போட்டார். வேறு சில இடங்களில் துடைத்துவிட்டு மறுநாளே அனுப்பிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆகவே எந்தக் கடையானாலும் மெத்தை புதிதா என்று கேட்டு உறையைப் பிரித்துப் பார்த்தே வாங்குங்கள். நாங்கள் விலைக்கு வாங்கிய 16 அங்குல நாற்காலியை அவரிடமே கொடுத்துவிட்டோம். வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள் என்றேன். அதை நோட்டில் தனிப் பக்கம் போட்டு எழுதிக்கொண்டார். போன மாதம் விசாரித்தபோது புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு கல்லூரி மாணவியிடம் இருப்பதாகச் சொன்னார்.

போக விரும்புகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகச் சற்று நேரம் கடை பூட்டியிருக்கும், ஞாயிறு முழுக்க விடுமுறை, அன்று தொலைபேசியும் எடுக்க மாட்டார். முன்பணம் பொருளின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. லோடு ஆட்டோவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, மாடி ஏற்றக் கூடுதலாகக் கேட்பார்கள், பேசினால் குறையும். நோயாளியின் எடையையும் வீட்டின் எல்லாக் கதவுகளின் அகலத்தையும், முக்கியமாகக் குளியலறைக் கதவின் அகலத்தையும், தாளில் குறித்துக்கொண்டு போங்கள். கதவின் சட்டத்தை அளக்காதீர்கள். கதவைத் திறந்துவைத்து, அதன் தடிமன் போக மிஞ்சுகிற வழியை அளந்து எழுதுங்கள்.